உறையாத கிளிசரின் கண்ணாடியாவது எப்படி?

மருந்துக்கடையில் கிடைக்கிற கிளிசரினின் உருகுநிலை சுமார் 18 பாகை செல்சியஸ். அப்படியென்றால் ஃபிரிட்ஜில் வைத்த பாட்டில் உறைந்து கட்டியாகிவிட வேண்டும். ஆனால் இன்னும் கொஞ்சம் கெட்டியாக ஊற்றுமே தவிர உறையாது. உறைந்து படிகமாக வேண்டுமென்றால் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட வேண்டும். கிளிசரின் மூலக்கூறுகளோ ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சரியான கோணத்தில் திரும்பி அமர்வதற்குள் குளிர் அவற்றை முடக்கிவிடுகிறது. இப்படி உருகுநிலைக்குக் கீழேயும் நீர்மமாகவே இருப்பதுதான் மீக்குளிர்ந்த நீர்மம்.

இன்னும் குளிரவைத்தால், −83 பாகை வாக்கில் அது கண்ணாடியாகிவிடும். தட்டினால் விரிசல் விடும். எக்ஸ் கதிர் கொண்டு உள்ளே பார்த்தால் மூலக்கூறுகள் முன்பு போலவே ஒழுங்கில்லாமல்தான் கிடக்கின்றன. அமைப்பு ஏறக்குறைய அதேதான். மாறியது அவற்றின் வேகம்.

அந்த வேகத்தை அளக்க ஓர் அழகான வழி உண்டு. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே கிளிசரினை வைத்து, மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் கொண்டது என்பதால், மின்புலம் திசை மாறும்போதெல்லாம் அதுவும் திரும்பப் பார்க்கும். அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் மூலக்கூறால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. மூலக்கூறு திரும்பி அமைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். இதைத்தான் தளர்வு நேரம் என்கிறார்கள். அறை வெப்பநிலையில் கிளிசரினுக்கு அது நானோவினாடிக் கணக்கு. −83 பாகையில் ஏறத்தாழ 100 வினாடி. நூறு பாகைச் சொச்சம் குளிர்ந்ததற்குப் பத்தாயிரம் கோடி மடங்கு மந்தம்! அந்த எல்லைக்கு அருகே, 4 பாகை குறைந்தாலே வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதே விகிதத்தில் இன்னும் 12 பாகை இறங்கினால், 100 வினாடி ஒரு நாளைத் தாண்டிவிடும்.

ஏன் இவ்வளவு? திரும்புவதற்கு ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கென்று இருக்கும் ஓர் ஆற்றல் தடையைத் தாண்டினால் போதும் என்றால், மந்தம் இவ்வளவு வேகமாக ஏறக்கூடாது. மணலின் மூலப்பொருளான சிலிக்காவின் உருகிய நிலையில் அந்தக் கணக்கு ஓரளவு பொருந்துகிறது. கிளிசரினில் குளிரக் குளிரத் தடையே உயர்கிறது. 1965-இல் ஆடம், கிப்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: நெரிசலான பேருந்தில் ஒருவர் இறங்க நாலு பேர் நகர வேண்டியிருப்பதுபோல, இங்கே மூலக்கூறுகள் கூட்டமாகத்தான் இடம் மாற முடியும், குளிரக் குளிர அந்தக் கூட்டம் பெரிதாகிறது.

எல்லாக் கூட்டமும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. சில நானோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு பகுதிகளில் ஒன்று சுறுசுறுப்பாக இருக்க, மற்றது அசையாமல் கிடக்கும்; அப்புறம் நிலைமை மாறும். 2000-இல் எரிக் வீக்ஸ், டேவிட் வைட்ஸ் குழுவினர் நீர்மத்தில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளை நெருக்கமாக அடைத்து, நுண்ணோக்கியில் இதையே கண்ணால் பார்த்தார்கள்: வேகமான உருண்டைகள் கொத்துக் கொத்தாக நகர்ந்தன. இத்தனைக்கும் பிறகு, கண்ணாடியாவது ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கோட்பாடு இல்லை. திண்மநிலை இயற்பியலின் ஆழமான தீராத சிக்கல் அநேகமாக இதுதான் என்று நோபல் பரிசு பெற்ற பிலிப் ஆண்டர்சன் 1995-இல் எழுதினார்.

இதே விஷயம் திருவிழாக் கடையிலும் நடக்கிறது. பஞ்சுமிட்டாய் என்பது சர்க்கரைக் கண்ணாடி. உருகிய சர்க்கரை நுண்துளை வழியே சிதறி, படிகமாக நேரமில்லாமல் நொடியில் குளிர்ந்துவிடுகிறது. உலர்ந்த சர்க்கரைக் கண்ணாடி இளக 60 பாகைக்கு மேல் வேண்டும். அதனால் இழை நிற்கிறது. காற்றின் ஈரம் உள்ளே புகுந்தால் அந்த எல்லை அறை வெப்பநிலைக்கும் கீழே இறங்கிவிடும். மூலக்கூறுகள் மறுபடி நகரத் தொடங்க, இழைகள் ஒட்டிச் சுருங்கிவிடுகின்றன. உறையை இறுக்கிக் கட்டி விற்பது இதனால்தான்.