எல்லாமே மானியம் ஆகிவிடாது

'அமெரிக்கப் பண்ணையார்களுக்கு வறட்சி மானியம்' என்ற தொடரை இன்னும் எத்தனை முறைதான் படிப்பது? இதில் இரண்டு சொற்கள் பிழை. பண்ணையார் என்றதும் தமிழ் வாசகர் மனதில் வருபவர், ஆள் வைத்து வேலை வாங்கிக் குத்தகை நெல் அளக்கச் சொல்லும் நிலக்கிழார். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் எல்கோ கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) குதிரையேறித் தன் மாடுகளைத் தானே மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகிறவரை அப்படி அழைப்பது அநியாயம். மாட்டுப் பண்ணைக்காரர் என்றால் போதும்.

அடுத்தது மானியம். ஆங்கில 'சப்சிடி' லத்தீன் 'சப்சிடியம்' என்பதிலிருந்து வந்தது. போரில் பின்வரிசையில் காத்திருக்கும் துணைப்படை என்பது அதன் முதற்பொருள். உதவி, உதவிப்பணம் என்பவை பிறகு வந்தவை. மானியம் வடசொல். கோயிலுக்கும் சத்திரத்துக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் வரி நீக்கியோ குறைத்தோ விட்ட நிலத்தை அப்படிச் சொன்னார்கள். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'இறையிலி' இதற்கு நெருங்கிய உறவு. அரசு தனக்கு வரவேண்டியதை விட்டுக்கொடுக்கிறது என்பதே சொல்லின் உயிர். உர மானியம், எரிவாயு மானியம் என்று விலைக்குறைப்பைச் சொல்லும்போதும் அந்த உயிர் கெடவில்லை.

மானியம் வடசொல் ஆயிற்றே என்று சிலர் 'நல்கை' என்று எழுதுகிறார்கள். வறட்சிப் பணத்துக்கு இது மானியத்தைவிட மோசம். நல்குதல், கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பது. ஆய்வுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தரும் பணத்துக்கு நல்கை அழகாகப் பொருந்தும். ஆனால் அமெரிக்க வேளாண் துறையின் மேய்ச்சல் வறட்சித் திட்டத்தில் யாருடைய மனமும் உவக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் வியாழக்கிழமை வறட்சி வரைபடம் வெளியாகிறது. மேய்ச்சல் பருவத்தில் கவுண்டியின் ஏதாவது ஒரு பகுதி அந்த வரைபடத்தில் D3 எனக் குறிக்கப்படும் மிகக் கடும் வறட்சியைத் தொட்டாலே, தகுதியுள்ள பண்ணைக்காரருக்கு மூன்று மாதத் தொகை உண்டு. மாதத் தீவனச் செலவாகக் கணக்கிடுவதில் 60 சதவீதம் என்பது அடிப்படை விகிதம். புல் கருகியது, அதற்கு ஈடு வருகிறது. இதற்கு 'இழப்பீடு' என்ற சொல் கையருகிலேயே இருக்கிறது. அதுவும் தூய தமிழ். தூய்மைக்காகப் புதுச்சொல் தேடுகிறவர்கள் இதை எப்படித் தாண்டிப் போனார்கள்?

இழப்பீடு என்று எழுதாததால் செய்தியே திரிந்துவிடுகிறது. 2013 அக்டோபரில் தெற்கு டகோட்டாவில் பனிப்புயல் அடித்துப் பல்லாயிரம் மாடுகள் மடிந்தன. கால்நடை இழப்பீட்டுத் திட்டம் 2011இலேயே காலாவதியாகியிருந்தது. 2014 வேளாண் சட்டம் முன்தேதியிட்டு அதை மீட்ட பிறகே, செத்த மாட்டின் சந்தை மதிப்பில் 75 சதவீதம் என்ற கணக்கில் பணம் வந்தது. ஆங்கிலத்தில் திட்டத்தின் பெயரிலேயே இழப்பீடு என்ற பொருள் இருக்கிறது. அதையும் மானியம் என்று பெயர்த்தால், மந்தையைப் பறிகொடுத்தவர் சலுகை வாங்கியவராகத் தெரிகிறார்.

மானியம் என்ற சொல் உண்மையிலேயே பொருந்தும் இடம் இன்னொன்று இருக்கிறது. எல்கோவில் பெரும்பகுதி நிலம் மத்திய அரசுடையது. அதில் கன்றோடு கூடிய ஒரு பசு ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். மேற்கு மாநிலங்களில் தனியார் மேய்ச்சல் நிலத்துக்குச் சராசரியாக 20 டாலருக்கு மேல் ஆகிறது. தனியார் நிலத்தில் வேலியும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கும் என்று பண்ணைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் அரசு தன் வரவில் விட்டுக்கொடுப்பது இங்கேதான். இதை மட்டும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் 'மேய்ச்சல் கட்டணம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 'மேய்ச்சல் மானியம்' என்று ஒருவராவது எழுதட்டும்.