தலைக்குக் கீழே ஒரு சும்மாடு

பாம்பனில் மீன்கூடையைத் தலையில் ஏற்றும் முன் பெண்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைப்பார்கள். உடம்புக்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. மண்டையோட்டைத் தாங்கும் முதல் கழுத்தெலும்பு வெறும் வளையம்தான். கூடை ஏறுவதற்கு முன்பே ஏறக்குறைய 5 கிலோ தலை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

கழுத்தில் 7 எலும்புகள். நம் கடலில் மேயும் ஆவுளியா என்ற கடல்பசுவுக்கும் 7தான், ஒட்டகச்சிவிங்கிக்கும் 7தான். இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை மேலெழுந்து முதல் வளையத்துக்குள் நிற்கும். திருகைக்கல் முளையைச் சுற்றுவது போல, நாம் இடம் வலம் திரும்பும்போது வளையம் இதைச் சுற்றும். கழுத்துத் திருப்பத்தில் பாதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது.

அதற்குக் கீழே எலும்புகளுக்கு நடுவே டிஸ்க். உள்ளே நீர் நிறைந்த கூழ், வெளியே நார் வளையம். வயதாக ஆக நீர் வற்றி டிஸ்க் தட்டையாகும், எலும்பின் ஓரத்தில் முள் வளரும். இதுதான் தேய்மானம். எக்ஸ்ரே பார்த்து இந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் இடிந்துபோகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலானவர்களுக்குப் படத்தில் தேய்மானம் தெரியும். அவர்களில் பலருக்கு வலியே இருக்காது. சாதாரணக் கழுத்துவலியும் பெரும்பாலும் சில வாரங்களில் தணிந்துவிடும். மாதக்கணக்கில் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டால் கழுத்துத் தசைதான் பலமிழக்கும்.

சரி, எப்போது கவனிக்க வேண்டும்? டிஸ்க் பிதுங்கியோ முள் வளர்ந்தோ நரம்பை அழுத்தினால் வலி தோளில் இறங்கிக் கைக்கு வரும். எந்த விரல் மரக்கிறது என்பதே துப்பு: பெருவிரல் என்றால் பெரும்பாலும் கழுத்தின் 6ஆம் நரம்பு, நடுவிரல் 7, சுண்டுவிரல் 8. எலும்பு 7 இருக்க நரம்பு 8 ஜோடி. முதல் ஜோடி முதல் எலும்புக்கு மேலேயே வெளியேறிவிடுகிறது. பாம்பன் பக்கம் சின்னப்பாலம் ஊரில் விரலில் துணி சுற்றிக் கடல்பாசி பறிக்கும் பெண்ணுக்கு விரல் மரத்தால், பாறை வெட்டியதென்றோ உப்புத்தண்ணீர் என்றோதான் தோன்றும். கழுத்து நினைவுக்கே வராது. மணிக்கட்டில் நரம்பு நசுங்கினாலும் விரல் மரக்கும் என்பதால், எது காரணமென்று மருத்துவர் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

எனக்கு அதிகம் பயம் தருவது தண்டுவடமே நசுங்குவதுதான். வலி இல்லாமலே வரலாம். ஜாக்கெட் கொக்கி மாட்ட வராது, வலை முடையும் ஊசி கையில் நிற்காது, மணலில் நடப்பதுபோல் சமதரையிலும் கால் தள்ளாடும், சிறுநீர் அடங்காது. வயசுக்கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்புறம், முடி வெட்டியதும் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கும் பழக்கம். மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்று திருகினால் குழாயின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் கட்டி, பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனாலும் நடக்கிறது. நாற்காலியில் உட்காரும்போதே, சொடக்கு வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிடுங்கள்.