எட்டு ஜிபி லேப்டாப்பில் அன்ரியலை ஏற்றாதீங்க, தம்பிகளா

செமஸ்டர் லீவு விட்டால் போதும். பாளையங்கோட்டை, பேட்டை, வள்ளியூர், தென்காசி என்று நாலா பக்கமிருந்தும் ஒரே கேள்வி வரும்: "அண்ணாச்சி, கேம் பண்ணணும். யூனிட்டியா, அன்ரியலா?" ரெண்டும் கேம் செய்கிற மென்பொருள்; எஞ்சின் என்பார்கள். லேப்டாப் என்னப்பா என்று கேட்டால் ஐ3, எட்டு ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. அதில் அன்ரியல் 5 ஏற்கெனவே ஏறியிருக்கும். ஷேடர் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சின்ன ப்ரோகிராம்) தயாராகிற எண்ணிக்கை நகராது, மவுஸ் உறைந்து நிற்கும், ஃபேன் மட்டும் அலறும். ரெண்டு நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு "நமக்கு இது வராது போல" என்று பிள்ளை மூட்டை கட்டிவிடும். வராமல் போனது பிள்ளைக்கு அல்ல, லேப்டாப்புக்கு. இதை எத்தனை தடவைதான் சொல்ல?

எல்லாவற்றுக்கும் வேர் ஒரு நம்பிக்கை: பெரிய எஞ்சினை எடுத்தால் கேம் அழகாக வரும். வராது. டிரெய்லரில் வாயைப் பிளந்து பார்க்கிற பாறை, காடு, முகம் எதையும் எஞ்சின் வரையவில்லை. மாடல் செய்கிறவர், டெக்ஸ்சர் போடுகிறவர், லைட்டிங் பார்க்கிறவர், அனிமேட்டர் என்று சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்தது. எஞ்சின் அதைத் திரையில் காட்டுகிறது, அவ்வளவுதான். நீங்கள் அன்ரியலைத் திறந்து ஒரு கனசதுரத்தை வைத்தால் கனசதுரம்தான் தெரியும். நிழல் கொஞ்சம் நன்றாக விழும். லூமெனும் நானைட்டும் (அன்ரியலின் ஒளி வசதியும் நுணுக்க மாடல் வசதியும்) வாழ்க்கையை மாற்றிவிடும் என்று வீடியோவில் சொல்கிறவர் எந்த கிராபிக்ஸ் கார்டை வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று கொஞ்சம் பாருங்கள். அன்ரியலுக்கு அதைச் செய்கிற எபிக் நிறுவனமே பரிந்துரைக்கிற ராம் 32 ஜிபி. உங்களிடம் இருப்பது எட்டு. அதிலும் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சம் போதாமல் டிஸ்க்கைத்தான் ராமாகப் பயன்படுத்தும். அது பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் சொல்லவே வேண்டாம். டவுன்லோடே பல பத்து ஜிபி. தினம் ரெண்டு ஜிபி டேட்டாவில் இறக்கி முடிப்பதற்குள் லீவே முடிந்துவிடும்.

அந்த லேப்டாப்புக்குக் கோடோ (Godot) என்ற இலவச எஞ்சின் போதும். ஒரே ஃபைல், இன்ஸ்டால் எதுவும் கிடையாது, ஜிப்பை அவிழ்த்தால் ஓடும். எம்ஐடி என்ற திறந்த உரிமம் என்பதால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. புதிய ப்ராஜெக்ட் போடும்போது எந்த ரெண்டரர் (படத்தைத் திரையில் வரைகிற பகுதி) என்று கேட்கும். அங்கே "கம்பேட்டிபிலிட்டி"யைத் தேர்ந்தெடுங்கள். மற்ற ரெண்டும் வல்கன் மாதிரிப் புதிய கிராபிக்ஸ் முறைகளை நம்பி நிற்பவை. இன்டெல் ஐந்தாம் தலைமுறை, அதற்கும் முந்திய லேப்டாப் என்றால் விண்டோஸில் வல்கன் டிரைவரே கிடையாது. சரியாக ஓடாவிட்டால் எஞ்சினைத் திட்டுவீர்கள்.

அடுத்த பள்ளம் பழைய வீடியோ. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4-இல் ப்ரோகிராமில் எழுதுகிற பெயர்கள் நிறைய மாறிவிட்டன. கினிமேட்டிக்பாடி2டி இப்போது கேரக்டர்பாடி2டி. யீல்டு போய் அவெயிட் வந்தது. மூவ் அண்ட் ஸ்லைடுக்கு அடைப்புக்குள் எதுவும் கொடுக்கக் கூடாது. யூனிட்டியிலும் இதே கதைதான்: ரிஜிட்பாடியின் வெலாசிட்டி யூனிட்டி 6-இல் லீனியர்வெலாசிட்டி ஆகிவிட்டது. வீடியோவில் இருக்கிற பதிப்பும் உங்களிடம் இருக்கிற பதிப்பும் ஒன்றா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். பாதிப் பேர் "எரர் வருது" என்று அனுப்புவது இந்த ஒரு காரணத்தால்தான்.

யூனிட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மொபைல் கேம் கம்பெனியில் வேலைக்குப் போக வேண்டும் என்றால் அதுவும் சி ஷார்ப்பும் படிக்கத்தான் வேண்டும். பெரிய ஸ்டுடியோ கனவு என்றால் சி++ஸும் அன்ரியலும். ஆனால் அது ரெண்டாவது வருஷத்துப் பாடம். மோதலைக் கண்டுபிடிப்பது, காட்சி மாற்றுவது, ஸ்கோரைச் சேமிப்பது எல்லாம் எந்த எஞ்சினில் கற்றாலும் கூடவே வரும். உரிம விதியை மட்டும் நீங்களே வாசியுங்கள். அன்ரியலில் ஒரு கேமின் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் எபிக்குக்கு 5 சதவீதம். அந்தக் கவலை இப்போது உங்களுக்கு வேண்டாம். யூனிட்டி 2023 செப்டம்பரில் இன்ஸ்டாலுக்கு இவ்வளவு என்று கட்டணம் அறிவித்து, ஊரே கொதித்தபின் 2024 செப்டம்பரில் கைவிட்டது. விதி மாறும் என்பது நினைவிருக்கட்டும்.

யாருமே கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேமில் தமிழ் எழுத்து வருமா? எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன் "நெல்லை" என்று ஒரு லேபிளில் தட்டிப் பாருங்கள். யூனிட்டியில் எழுத்தைக் காட்டுகிற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் ஒற்றைக்கொம்பு 'ந'வுக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும், 'லை'யின் கொம்பு கடைசியில் தொங்கும். எழுத்துகளை இடம் மாற்றிக் கோர்க்கிற வேலையை அது செய்வதில்லை. அதனால்தான் பலர் இன்னும் பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்டுக்கு மாற்றி ஒட்டுகிறார்கள். கோடோ 4 அந்தக் கோர்க்கிற வேலையைச் செய்யும் ஹார்ஃப்பஸை உள்ளுக்குள் வைத்திருக்கிறது. தமிழ் ஃபான்ட் ஒன்றைக் கொடுத்தால் சரியாக வரும். கோடோ 3-இல் வராது.

முதல் கேமுக்கு ஓப்பன் வேர்ல்டு வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். ஆடு புலி ஆட்டம் செய்யுங்கள். 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. புள்ளிகளின் இடத்தை ஒரு அரேயில் (வரிசைப் பட்டியலில்) வையுங்கள். எந்தப் புள்ளியிலிருந்து எதற்குப் போகலாம் என்று ஒரு பட்டியல், எந்த ஆட்டைத் தாண்டினால் எங்கே இறங்கலாம் என்று இன்னொன்று. யார் முறை என்பதற்கு ஒரு மாறி. பதினைந்தும் இறங்கும்வரை ஆடு நகராது என்ற விதியை மறந்துவிடாதீர்கள். படம் வேண்டாம், வட்டம் போதும். ரெண்டு பேர் ஒரே மவுஸில் ஆடட்டும்; கம்ப்யூட்டரே புலியாக ஆடுவதெல்லாம் அப்புறம். எத்தனை ஆடு வெட்டினால் புலி ஜெயிக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும், வீட்டில் ஆச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபைல் பெயர் எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்திலேயே (a, b, c) இருக்கட்டும். பெரிய எழுத்தில் சேமித்த படத்தை ப்ரோகிராமில் சின்ன எழுத்தில் எழுதினாலும் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் அதே படம் காணாமல் போகும். கேமை வெளியிடும் வடிவமாக மாற்ற உதவும் எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் உங்கள் கோடோ பதிப்போடு புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்வரை பொருந்த வேண்டும். ஆண்ட்ராய்டுக்கு ஜேடிகே 17-உம் (ஜாவா கருவித் தொகுப்பு) எஸ்டிகேயும் (ஆண்ட்ராய்டு கருவித் தொகுப்பு) தனியாக வேண்டும். தினம் கிட்டில் (Git, செய்த வேலையைப் பதிப்பு பதிப்பாகச் சேமிக்கும் கருவி) ஏற்றுங்கள். தெரியாவிட்டால் ஃபோல்டரை ஜிப் செய்து பென் டிரைவிலாவது போட்டு வையுங்கள்.

அப்பாவிடம் கேமிங் லேப்டாப் கேட்டு, அம்மா நகையை அடகுக்கு அனுப்பாதீர்கள். இருக்கிறதில் ஒரு கேமை முடித்துக் காட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள். பெற்றவர்களே, நீங்களும் அதுவரை பொறுங்கள்.

பிளே ஸ்டோரில் ஏற்றும் எண்ணம் இருந்தால் கணக்குத் திறக்க 25 டாலர், ஒரே தடவை. 2023 நவம்பர் 13-க்குப் பின் திறந்த தனிநபர் கணக்கென்றால், வெளியிட அனுமதி கேட்கும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் சேர்ந்திருக்க வேண்டும். நடுவில் ஆள் விலகி எண்ணிக்கை குறைந்தால் சிக்கல், அதனால் இருபது பேரைச் சேர்த்து வையுங்கள். கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் இப்போதே கேட்க ஆரம்பியுங்கள்.