சுடர் அணைந்த பிறகும் கேமரா ஓடட்டும்

பள்ளி அறிவியல் கண்காட்சி முதல் லட்சக்கணக்கானோர் பார்க்கும் காணொளி வரை, சலிக்காமல் செய்துகாட்டப்படும் சோதனை ஒன்று உண்டு. தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் குவளை. சுடர் அணைகிறது, தண்ணீர் குவளைக்குள் ஏறுகிறது. "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்ததும் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது" என்று விளக்கி முடித்துவிடுவார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் தவறு. அறிவியலைக் காணொளியிலோ மேடையிலோ விளக்குபவர்கள் இப்படிச் சறுக்காமல் இருக்கச் சில வழிகள் இங்கே.

சுடர் அணையும்போது ஆக்சிஜன் தீர்ந்திருக்காது. 21 சதவீதத்திலிருந்து 16 சதவீதம் அளவுக்கு இறங்கினாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். மூன்று பங்கு ஆக்சிஜன் செலவானால், ஏறத்தாழ இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடு உண்டாகி அந்த இடத்தை நிரப்புகிறது. கூடவே பிறக்கும் நீராவி குளிர்ந்து நீராகிவிடும். கணக்குப் போட்டால், இந்த வகையில் குறையும் கனஅளவு 2 சதவீதத்தைக்கூட எட்டாது. தண்ணீர் அதைவிட மிக உயரமாக ஏறுவதற்குக் காரணம் வெப்பம். குவளையைக் கவிழ்க்கும்போதே உள்ளிருக்கும் காற்று சூடாகி விரிந்து, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சமிருப்பது குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

கேமராவைச் சரியாக வைத்தால் இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம். தண்ணீர் 1 செ.மீ. ஆழம் போதும், நிறம் கலந்துகொள்ளுங்கள். குவளையின் விளிம்புக்கு ஒரு க்ளோஸ்-அப் வையுங்கள். கவிழ்த்ததும் அங்கே குமிழிகள் வெளியேறுவது தெரியும். ஷாட்டை வெட்டாமல், சுடர் அணைந்து அரை நிமிடம் வரை ஓடவிடுங்கள். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால், எரிய எரியத் தண்ணீர் சீராக ஏற வேண்டும். உண்மையில் சுடர் மங்கி அணையும் அந்தக் கட்டத்தில்தான் அது விறுவிறுவென்று ஏறுகிறது. நேரத்தை மிச்சப்படுத்த எடிட்டிங்கில் வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த இடம்தான்! பிறகு அதே குவளைக்குள் மூன்று மெழுகுவர்த்திகள் வைத்துச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனாலும் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். வெப்பம் தாங்கும் கண்ணாடியாக இருக்கட்டும். சுடருக்கும் குவளையின் அடிப்பாகத்துக்கும் இடையே நல்ல இடைவெளி விடுங்கள்.

சோதனைக்கு முன்பே பார்வையாளர்களிடம் ஊகம் கேட்பது முக்கியம். டெரெக் முல்லர் 2008இல் சிட்னி பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வில் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தார்; பின்னாளில் வெரிட்டாசியம் என்ற யூடியூப் அறிவியல் சேனலைத் தொடங்கியவர் அவர். இயற்பியலைத் தெளிவாக மட்டும் விளக்கிய காணொளியைப் பார்த்தவர்கள் "நன்றாகப் புரிந்தது" என்றார்கள், காணொளிக்கு முன்னும் பின்னும் வைத்த தேர்வில் மதிப்பெண்ணோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. பரவலான தவறான எண்ணத்தை முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு உடைத்த காணொளி குழப்பமாக இருந்தது என்றவர்கள்தான் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். நம்முடைய பழைய எண்ணத்தோடு மோதாத விளக்கம், அந்த எண்ணத்தையே உறுதி செய்வதுபோலக் காதில் விழுந்துவிடுகிறது.

மேடைப் பேச்சில் இதைச் செய்ய எளிய வழி: கூடைப்பந்து பூமி, டென்னிஸ் பந்து நிலா. ஒருவரை அழைத்து நிலாவைச் சரியான தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகப் படங்கள் பழக்கியதால் பெரும்பாலோர் பக்கத்திலேயே நிற்பார்கள். பூமிக்கும் நிலாவுக்கும் இடையே சுமார் 30 பூமிகளை வரிசையாக வைக்கலாம். அதாவது இந்த அளவில் ஏறக்குறைய 7 மீட்டர். அவர் அரங்கில் நடந்துபோய் நிற்கும்வரை பேசாமல் காத்திருங்கள்.

விண்வெளிப் படங்களைக் காட்டும்போது, நிறம் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். 2019இல் வெளியான, எம்87 விண்மீன் மண்டலத்தின் மையத்திலுள்ள கருந்துளையின் படம் 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலைகளால் ஆனது. அந்த ஆரஞ்சு நிறம் நாம் பார்க்க வசதியாகக் கொடுக்கப்பட்டது.

உடல்நலம் பற்றிய காணொளிகளில்தான் அதிகக் கவனம் தேவை, ஏனென்றால் கேட்பவர்கள் அதை வைத்து முடிவெடுக்கிறார்கள். பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்று 2015இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. 100 பேரில் 18 பேருக்குக் கூடுதலாக வரும் என்று அதைப் புரிந்துகொண்டவர்கள் ஏராளம். 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத உயர்வு அதை ஏறத்தாழ 6 ஆக்கும், அவ்வளவுதான். புற்றுநோய் உண்டாக்குபவை என்று அந்த முகமை வகைப்படுத்திய முதல் பிரிவில் பதப்படுத்திய இறைச்சியோடு புகையிலையும் இருப்பதால், இரண்டும் சம ஆபத்து என்று பேசுவதும் பிழை. அந்தப் பிரிவு சான்றின் உறுதியைச் சொல்கிறது, ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. சதவீதம் சொன்னால், எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள், திரையிலும் எழுதுங்கள்.

சுடச்சுட வரும் செய்திகளில் பொறுமை வேண்டும். 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள், அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி என்று கூறப்பட்டதும், காந்தத்தின்மேல் அது பாதி மிதக்கும் காட்சி உலகம் சுற்றியது. சில வாரங்களிலேயே, மின்தடை திடீரெனச் சரிந்ததற்கு உள்ளே கலந்திருந்த காப்பர் சல்ஃபைடுதான் காரணம் என்று மற்ற ஆய்வகங்கள் காட்டிவிட்டன. வேறொரு குழு திரும்பச் செய்துபார்க்காத முடிவென்றால், அதைக் காணொளியின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வெளியிட்ட பிறகு பிழை தெரியவந்தால், காணொளிக்குக் கீழே விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்ப்பது போதாது. அதைத் திறந்து படிப்பவர்கள் மிகக் குறைவு. பிழையான பகுதியை வெட்டி நீக்குங்கள். மையக் கருத்தே தவறென்றால் காணொளியை எடுத்துவிட்டு, எது தவறாக இருந்தது என்று சொல்லியே புதியதை வெளியிடுங்கள்.