பாய்ந்து வந்து ஆடாமல் நிற்கும் தூண்

“தானியங்கிக் கிடங்கு ஒன்றின் காணொளியைப் பார்த்தேன். பத்து மாடி உயரத் தூண் ஒன்று சைக்கிள் வேகத்தில் ஓடி வருகிறது, நிற்கிறது, நின்ற கையோடு சரக்கை எடுத்துவிடுகிறது. நீளக் கம்பைச் சட்டென்று நகர்த்தி நிறுத்தினாலே நுனி ஆடுமே, இது மட்டும் ஏன் ஆடவில்லை?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆடத்தான் செய்யும். ஆனால் ஓர் ஆட்டம் இன்னோர் ஆட்டத்தை விழுங்கிவிடும்படி அதை நிறுத்துகிறார்கள். அந்த வித்தையைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆகவே கிடங்கின் மற்றச் சங்கதிகளை வேகமாகக் கடந்துவிடுகிறேன்.

எதிரெதிரே இரண்டு எஃகு அடுக்கு வரிசைகள், நடுவே குறுகிய சந்து. சந்தின் தரையில் ஒரு தண்டவாளம், உச்சியில் வழிகாட்ட இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நிமிர்ந்து நிற்கும் தூண் முன்னும் பின்னும் ஓடும். தூணில் லிஃப்ட் போல ஒரு மேடை ஏறி இறங்கும். மேடையிலிருந்து இழுப்பறை போல நீளும் கரம் இடப்பக்கமோ வலப்பக்கமோ நுழைந்து சரக்கைத் தூக்கும். இந்த மூன்று அசைவுகளுக்கு மேல், கிரேன் எனப்படும் இந்த இயந்திரத்தில் ஒன்றும் இல்லை. ஜெர்மனியின் கூட்டர்ஸ்லோ நகரில் பெர்டெல்ஸ்மான் பதிப்பு நிறுவனத்துக்காக டெமாக் நிறுவனம் 1962-இல் அமைத்த உயரடுக்குக் கிடங்கு 20 மீட்டர் உயரம். இன்று 40 மீட்டரையும் தாண்டிவிட்டார்கள்.

எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது கணினிக்கு மட்டும்தான் தெரியும். காலியிடம் எங்கே கிடைக்கிறதோ அங்கே வைத்துவிட்டுக் குறித்துக்கொள்ளும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2011-இல் திறக்கப்பட்ட மான்சுவேட்டோ நூலகத்தின் நிலத்தடிக் கிடங்கும் இந்த வகைதான். அங்கே நூல்களைப் பொருள்வாரியாக அல்ல, அளவுவாரியாகப் பெட்டிகளில் வைக்கிறார்கள். அளவு ஒத்துப்போனால் தத்துவமும் தாவரவியலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். பழைய நூலகர் யாராவது பார்த்தால் நெஞ்சு பதறும், கிரேனுக்கு என்ன கவலை? சரக்கை வைக்கப் போன கிரேன் வெறுங்கையோடு திரும்பாமல், வரும் வழியில் இன்னொன்றை எடுத்து வந்தால் லாபம் என்பதும் தெரிந்ததே. எவ்வளவு லாபம் என்று 1984-இல் யாவுஸ் போசர், ஜான் வைட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். சந்தின் கோடிக்குப் போகவும் உச்சிக்கு ஏறவும் ஒரே நேரம் பிடிக்கும் அடுக்கில், இரண்டு தனி நடைகளைவிட இந்தச் சேர்த்த நடையில் சராசரிப் பயண நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

இனி ஆட்டத்துக்கு வருவோம். பிரேக் போட்டதும் தூணின் அடி நிற்கிறது. மேலே மேடையும் சரக்குமாக இருக்கும் பாரம் நிலைமத்தால் முன்னே போகப் பார்க்கிறது. தூண் வளைகிறது, மீள்கிறது, மறுபக்கம் வளைகிறது. ஆட்டம் அடங்கும்முன் கரத்தை நீட்டினால் பேலட்டில், அதாவது சரக்கைத் தாங்கும் பலகையில், இடிக்கும். காத்திருக்கலாம்தான். ஆனால் ஒரு நடையில் மூன்று நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு விநாடி காத்திருப்பு, மணிக்கு 30 நடைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியிலும் ஆறு நிமிடம், அதாவது பத்தில் ஒரு பங்கு வேலைநேரம், தூண் ஆடுவதை வேடிக்கை பார்ப்பதிலேயே போய்விடும். தூணைத் தடிமனாக்கினால் எடை ஏறும், எடைக்கேற்ப மோட்டாரும் மின்சாரமும் ஏறும்.

ஒரு மீட்டர் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். பள்ளிப் பாடத்தில் படித்த தனி ஊசல்தான், அலைவு நேரம் ஏறத்தாழ 2 விநாடி. மேசையில் 20 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் போட்டு, நூலைப் பிடித்திருக்கும் கையை ஒன்றிலிருந்து மற்றதற்கு வெடுக்கென்று நகர்த்துங்கள். பூட்டு ஆடு ஆடு என்று ஆடும். இப்போது அதே பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள். முதலில் 10 சென்டிமீட்டர் மட்டும் நகர்த்திக் கையை நிறுத்திவிடுங்கள். பின்தங்கிய பூட்டு கைக்குக் கீழே வந்து, அதைத் தாண்டி, மறுபக்கம் அதே 10 சென்டிமீட்டர் தூரம் போகும். அப்படியென்றால் இரண்டாவது குறிக்கு நேர் மேலே வந்துவிட்டது! கை நகர்ந்ததிலிருந்து ஒரு விநாடி, அரை அலைவு, ஆகியிருக்கும். திரும்புவதற்கு முன் பூட்டு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணத்தில் கையை மீதி 10 சென்டிமீட்டரும் நகர்த்திவிட வேண்டும். பூட்டு இப்போது கைக்கு நேர் கீழே இருக்கிறது. அதனிடம் வேகமும் இல்லை, பக்கவாட்டில் இழுக்கும் விசையும் இல்லை. பிறகு அது ஏன் ஆடப்போகிறது?

நான் முதல் நான்கு முறை தோற்றேன். ஐந்தாவது முறை பூட்டு ஆணியடித்தது போல நின்றபோது, தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

முதல் அசைவு ஓர் ஆட்டத்தைக் கிளப்புகிறது. இரண்டாவது அசைவு அதே அளவில், அரை அலைவு தள்ளி, இன்னோர் ஆட்டத்தைக் கிளப்புகிறது. ஒன்றின் மேட்டில் மற்றதன் பள்ளம் உட்கார்ந்து இரண்டும் கரைந்துபோகின்றன. கிரேனிலும் இதேதான். வேகத்தை ஒரேயடியாகக் கொல்லாமல் பாதியைக் குறைத்து, தூணின் அரை அலைவு நேரம் கழித்து மீதியைக் குறைக்க வேண்டும். இன்னும் நயமான வழியும் உண்டு. மாறாத எதிர்முடுக்கத்தை, அதாவது ஒரே சீராக வேகத்தைக் குறைக்கும் பிரேக்கை, தூணின் ஒரு முழு அலைவு நேரத்துக்குக் கொடுத்து, சரியாக அந்த நேரத்தில் அடியை நிறுத்துவது. பிரேக் பிடித்திருக்கும்போது தூண் முன்னால் வளைந்து, ஒரு முழுச் சுற்று ஆடி, மறுபடி நேராகும். அதே நொடியில் பிரேக்கின் வேலையும் முடிகிறது.

இந்த உத்தியை 1957-இல் வெளியிட்டவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆட்டோ ஸ்மித். பாசிகாஸ்ட் என்று பெயரிட்டார். விநாடியின் பின்னங்களைத் துல்லியமாக எண்ணித் தாமதப்படுத்தும் மலிவான கணினி அன்று இல்லை. எம்.ஐ.டி.யில் நீல் சிங்கரும் வாரன் சீரிங்கும் இதைச் செம்மைப்படுத்தி எழுதியது 1990-இல். இடையில் 33 ஆண்டுகள். மூன்று ஆண்டுக்குள் பயனைக் காட்டு, இல்லையேல் பணத்தை நிறுத்துகிறேன் என்று சொல்லும் ஆய்வுக் குழுக்களின் முன் இதை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். இதுபோன்ற காணொளிகளின் கீழே ‘செயற்கை நுண்ணறிவின் அற்புதம்’ என்று எழுதிவைக்கிறார்கள். இது நியூட்டனின் விதிகளும் ஒரு கடிகாரமும். புரியாததற்கெல்லாம் ஒரு புதுச் சாமியின் பெயரைச் சூட்டுவது பழைய பழக்கம்தான்.

நூலின் நீளம் மாறாது, ஆனால் கிரேனின் அலைவு நேரம் ஒவ்வொரு நடையிலும் மாறும். மேடை உச்சியில் இருந்தால் தூண் மெதுவாக ஆடும், கீழே இருந்தால் விரைவாக ஆடும். சரக்கின் எடையும் சேர்ந்துகொள்ளும். உயரத்தையும் எடையையும் வைத்துக் கட்டுப்பாட்டுக் கணினி அலைவு நேரத்தை மதிப்பிட்டுக்கொள்கிறது. மதிப்பீடு தவறினால்? சிங்கரும் சீரிங்கும் தீர்த்தது அதைத்தான். இரண்டு சம பங்குகளுக்குப் பதில் மூன்று பங்குகள்: கால், அரை, கால், ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை அலைவு. தானாக ஆட்டம் அடங்கவே அடங்காத தூணில் அலைவு எண்ணை (விநாடிக்கு எத்தனை அலைவு என்பதை) 10 சதவீதம் தவறாகக் கணித்தால், ஒரேயடியாக நிறுத்தும்போது வரும் ஆட்டத்தில் இரண்டு பங்கு முறையில் ஏறத்தாழ 16 சதவீதம் மிஞ்சும். மூன்று பங்கில் இரண்டரை சதவீதம்தான். இதற்குக் கொடுக்கும் விலை, கூடுதலாக ஓர் அரை அலைவு நேரம். 1, 2, 1 என்ற அந்த விகிதம், மேல்வரியின் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டிக் கீழ்வரியை எழுதும் பாஸ்கல் முக்கோணத்தின் ஒரு வரி என்பதைக் கவனித்தீர்களா? மேலும் பங்குகள் வேண்டுமானால் அடுத்த வரி 1, 3, 3, 1.

தூண் ஆடாமல் நின்றுவிட்டாலும் அடுக்கு அதே இடத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. பாரம் ஏற ஏற எஃகுச் சட்டங்கள் சற்றே தொய்யும், வெப்பத்தில் நீளும். அதனால் லேசர் தூரமானி சொன்ன இடத்தில் நின்ற பிறகும், மேடையில் இருக்கும் சிறு கேமரா அடுக்குச் சட்டத்தில் போட்டிருக்கும் துளையைத் தேடுகிறது. துளை சில மில்லிமீட்டர் கீழே இருந்தால் மேடையும் அந்த அளவுக்கு இறங்குகிறது. பிறகுதான் கரம் உள்ளே போகிறது.