பந்து வருவதற்கு முந்தைய ஒரு நொடி

கால்பந்து ஆட்டம். தடுப்பாட்டக்காரர் ஒருவர் 15 மீட்டர் தள்ளி நிற்கும் மிட்ஃபீல்டரிடம், அதாவது நடுக்கள ஆட்டக்காரரிடம், பந்தைத் தரையோடு தட்டிவிடுகிறார். கொஞ்சம் அழுத்தமான பாஸ்தான். நொடிக்கு 15 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், பந்து வந்துசேர ஒரு நொடி ஆகும். புல்லில் உரசி வேகம் குறைவதால் இன்னும் ஒரு துளி கூடலாம்.

அந்த ஒரு நொடியில் பந்தை விட்டுவிட்டு ஆட்டக்காரரின் தலையைப் பாருங்கள். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுவதால் இது பெரும்பாலும் நம் கண்ணில் படாது. மைதானத்தில் உட்கார்ந்து ஒரே ஆளை ஐந்து நிமிடம் கவனித்தால் தெரியும். தலை இடது தோள் பக்கம் சட்டென்று திரும்புகிறது, மறுபடி பந்து, அப்புறம் வலது தோள், மறுபடி பந்து. உடம்பும் பந்துக்கு நேராக நிற்பதில்லை. பாதி பந்தைப் பார்த்து, பாதி எதிரணி கோலைப் பார்த்து, சாய்வாக நிற்கிறது. பந்து காலில் படும்போது அது அடுத்து எங்கே போக வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருக்கும்.

தலையை ஏன் இப்படித் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்? நம் கண்ணின் குறை அது. விழித்திரையின் நடுவிலுள்ள சிறு குழியில் விழுவது மட்டும்தான் நமக்குத் துல்லியமாகத் தெரியும். கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், ஏறக்குறைய அந்த நகத்தின் அகலம்தான் அந்தத் துல்லியப் பரப்பு. மீதியெல்லாம் மங்கல், அங்கே அசைவு தெரியும், விவரம் தெரியாது. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தக் கணத்திலோ மூளை காட்சியையே கிட்டத்தட்ட அணைத்துவிடுகிறது. ஆக, மைதானத்தை ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ள யாராலும் முடியாது. துண்டு துண்டாகப் பார்த்துத்தான் ஒட்டவைக்க வேண்டும். ஒட்டவைத்த படமும் உடனே பழசாகிவிடும், ஏனென்றால் 21 பேர் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

நார்வேயைச் சேர்ந்த கைர் யோர்டெட் என்ற ஆய்வாளர் இந்தத் தலைத் திருப்பலைப் பல ஆண்டுகளாக எண்ணிவருகிறார். இங்கிலாந்து பிரீமியர் லீக் ஆட்டக்காரர்களின் காணொளிகளை வைத்து அவர் குழு எண்ணியபோது, ஃபிராங்க் லாம்பார்ட் பந்தை வாங்குவதற்கு முன்பான நொடிகளில் நொடிக்குச் சுமார் 0.6 முறை திரும்பிப் பார்த்தார். ஸ்பெயினின் பார்சிலோனா கிளப்பில் ஆடிய சாவி என்ற மிட்ஃபீல்டரின் எண்ணிக்கை 0.8ஐத் தாண்டியது. அதிகம் திரும்பிப் பார்த்தவர்கள் முன்னோக்கி அனுப்பிய பாஸ்களும் அதிகம் போய்ச்சேர்ந்தன. இதைப் படித்துவிட்டுப் பயிற்சியாளர்கள் சிலர் சிறுவர்களிடம் ‘திரும்பு, திரும்பு’ என்று கத்துவதுண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. பந்தைப் பார்க்காமலே நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான் வேறெங்கோ பார்க்கத் துணிச்சல் வரும். திரும்பிப் பார்த்ததால் நன்றாக ஆடினானா, நன்றாக ஆடத் தெரிந்ததால் திரும்பிப் பார்க்க முடிந்ததா என்று பிரிப்பது கஷ்டம். இரண்டிலும் கொஞ்சம் இருக்கும்.

பார்த்தால் மட்டும் போதுமா? கால் நொடிப் பார்வையில் நமக்குத் தெரிவது ஏழெட்டுச் சட்டைகள். சாவிக்குத் தெரிவது ஒரு வடிவம். சதுரங்கத்தில் இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. 1973இல் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் நிஜ ஆட்டத்தின் பாதியில் நிற்கும் பலகையைச் சில நொடிகள் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் சுலபமாக அடுக்கினார், கற்றுக்குட்டி திணறினார். காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது இருவருக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. நினைவாற்றல் பெரிது என்பதில்லை. பழகிய கொத்துகளாகப் பார்க்கிறார் என்பதுதான் விஷயம். மிட்ஃபீல்டருக்கும் அப்படியே. ‘வலது பக்கத் தடுப்பாட்டக்காரர் ஏறிவிட்டார், பின்னால் இடம் காலி’ என்பது அவருக்கு ஒரே சொல் மாதிரி. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஆடித்தான் அந்தச் சொற்கள் சேரும். சேர்ந்தால் சீக்கிரம் போகாது. மிட்ஃபீல்டர்களால் முப்பதைத் தாண்டியும் ஏன் ஆட முடிகிறது என்பதற்கு இதுதான் சாவி (பெயர்ப் பொருத்தம் தற்செயல்).

சரி, கால்களுக்கு வருவோம். 90 நிமிட ஆட்டத்தில் நடுக்களத்தில் ஆடுபவர் பொதுவாக 11, 12 கிலோமீட்டர் போகிறார். களத்திலேயே அதிகம் அலைவது இவர்கள்தான் என்று சொல்வதுண்டு. கோல்கீப்பர் பாதிகூட வரமாட்டார் என்பதால் அவரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். இந்த 12 கிலோமீட்டரும் ஒரே சீரான ஓட்டமில்லை. பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும். உயிரைக் கொடுத்து ஓடுவது மொத்தத்தில் சில நூறு மீட்டர்தான். ஆனாலும் இதயம் சராசரியாக அதன் உச்சத் துடிப்பில் 85 சதவீத அளவில் அடித்துக்கொண்டிருக்கும். காரணம், நிற்பது, திரும்புவது, மறுபடி கிளம்புவது. காரில் நெடுஞ்சாலையில் போவதைவிட நெரிசலில் போனால் எரிபொருள் தீர்கிறதே, அந்தக் கணக்கு. தசைக்குள் சேமித்துவைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து கரைந்துகொண்டே வருகிறது. கடைசி 15 நிமிடத்தில் வேகமான ஓட்டங்கள் குறைவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதை மறுபடி நிரப்பி, தசையில் விழுந்த நுண்ணிய சேதங்கள் ஆறி, உடம்பு பழைய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும். இந்த இரண்டு மூன்று நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலைக்கு ஆள் எடுப்பது எப்போது? பத்து வயதிலும் அதற்கு முன்பும். அங்கேதான் பெரிய குளறுபடி நடக்கிறது. பையன்கள் மளமளவென்று உயர்வது சராசரியாக 14 வயதையொட்டி. ஆனால் ஒருவனுக்கு 12இலேயே வந்துவிடும், இன்னொருவனுக்கு 16இல்தான் வரும். 14 வயதுக்குட்பட்டோர் அணியில் மீசை அரும்பியவனும் குழந்தை முகக்காரனும் ஒரே பந்துக்கு மோதுவார்கள். போதாக்குறைக்கு, வயதுப் பிரிவின் தொடக்க மாதங்களில் பிறந்தவன் கடைசி மாதத்தில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். உலகெங்கும் இளையோர் அணிகளின் பிறந்தநாள் பட்டியலைப் பார்த்தால் முதல் மூன்று மாதக்காரர்கள் குவிந்திருப்பார்கள். திறமை மாதம் பார்த்துப் பிறப்பதில்லை. தேர்வாளர்தான் உடம்பைத் திறமை என்று எண்ணிவிடுகிறார்.

மிட்ஃபீல்டர் லூகா மோட்ரிச்சுக்கு இது நேர்ந்தது. 1985இல் குரோஷியாவில் பிறந்து, போரில் வீடிழந்து அகதிகள் தங்கிய ஹோட்டலில் வளர்ந்த பையனை ஹைடுக் ஸ்பிளிட் கிளப் ‘ரொம்பச் சிறிசு’ என்று அனுப்பிவிட்டது. பிரான்சில் இங்கோலோ காந்தேவுக்கும் அதே கதை. பெரிய கிளப்புகளின் பயிற்சிக்கூடங்கள் உயரத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பின. கீழ் டிவிஷன்களில் ஆடி மேலே வந்து, 2016இல் லெஸ்டர், 2017இல் செல்சீ என்று அடுத்தடுத்து இரண்டு அணிகளோடு பிரீமியர் லீக்கை வென்றார். மோதி ஜெயிக்க முடியாத பையன், மோதல் வருவதற்கு முன்பே பந்தை அனுப்பப் பழகிக்கொள்கிறான் என்று ஒரு விளக்கம் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு ஆட்டத்தையே விட்டவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்போது சில பயிற்சிக்கூடங்கள் பையன்களை வயதுப்படி இல்லாமல் உடல் முதிர்ச்சிப்படி பிரித்து ஆடவிடுகின்றன. நல்ல மாற்றம்.

இருபதுகளில் என்ன நடக்கிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடலாம், எல்லாரும் பார்த்ததுதான். உடம்பின் வேகம் இருபதுகளின் நடுவில் உச்சத்தில் இருக்கும், களத்தைப் படிக்கும் அறிவு ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடும் 25 முதல் 29 வரையான ஆண்டுகள்தான் பெரும்பாலான மிட்ஃபீல்டர்களின் பொற்காலம். பெரிய ஒப்பந்தமும் அப்போதுதான். ஒப்பந்தம் முடிந்தவர் சுதந்திரமாக வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற நிலை ஐரோப்பாவில் 1995இல் வந்த ஒரு தீர்ப்பால்தான் வந்தது. வழக்குத் தொடுத்த ழான்-மார்க் போஸ்மனும் ஒரு மிட்ஃபீல்டர்தான். தீர்ப்பு வருவதற்குள் அவருடைய ஆட்டக்காலம் பாழாகிவிட்டது.

காயங்களில் தொடையின் பின்தசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழு வேகத்தில் ஓடும்போது முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், அந்தத் தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். கிழிவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். ஐரோப்பாவின் முன்னணி ஆண்கள் கிளப்புகளில் 2001 முதல் நடந்துவரும் ஆய்வு ஒன்றில், மொத்தக் காயங்களில் இதன் பங்கு முதல் சீசனில் 12 சதவீதம், 2021-22இல் 24. ஆட்டத்தின் வேகமும் ஆட்டங்களின் எண்ணிக்கையும் கூடியதை இதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். ஒருமுறை கிழிந்த தசை மறுபடி கிழிய வாய்ப்பு அதிகம். எந்தக் கிளப்பும் ஆளை வாங்குமுன் மருத்துவப் பதிவைப் புரட்டிப் பார்ப்பது இதனால்தான்.

முப்பதைத் தாண்டும்போது முதலில் போவது வெடிப்புதான், அதாவது முதல் ஐந்து மீட்டரின் சீறல். அதைத் தரும் வேகத் தசையிழைகள் வயதோடு சுருங்குகின்றன. நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் திறன் அவ்வளவு சீக்கிரம் இறங்காது. சிறகுகளில், அதாவது களத்தின் பக்கவாட்டு ஓரங்களில், ஓடி எதிரியைத் தாண்ட வேண்டிய ஆட்டக்காரருக்கு இது பெரிய அடி. மிட்ஃபீல்டருக்கோ இடம் மாறிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ கோலுக்கு அருகே ஆடிய இளைஞர்; வேகம் என்றுமே அவர் பலமில்லை. 2001இல் பிரெஷியா கிளப்பில் அந்த இடத்தில் நட்சத்திர ஆட்டக்காரர் ராபர்ட்டோ பாஜ்ஜோ இருந்ததால், பயிற்சியாளர் கார்லோ மட்ஸோனே இவரைத் தடுப்பாட்டக்காரர்களுக்குச் சற்று முன்னால் நிறுத்தினார். அங்கே என்ன லாபம்? மைதானம் முழுக்கக் கண்ணெதிரே விரிகிறது, முதுகுப் பக்கம் பார்க்க வேண்டிய கோணம் குறைகிறது. எதிரியும் எட்டத்தில் இருக்கிறார், பந்தோடு இன்னும் அரை நொடி கிடைக்கிறது. கால் தராத நேரத்தை இடம் தந்தது. 33 வயதில் 2012 யூரோ கோப்பையில் அவர் ஆடிய ஆட்டம் அந்த அரை நொடியின் மீது கட்டியது. பாஸ்டியன் ஷ்வைன்ஸ்டைகரும் சிறகிலிருந்து நடுவுக்கு வந்தவர்தான்.

ஆனால் கண்ணாலேயே எவ்வளவு நாள் ஓட்ட முடியும்? அந்த இரண்டு மூன்று நாள் கணக்கு இங்கே திரும்பி வருகிறது. முப்பத்தைந்து வயதுக்காரர் சனிக்கிழமை நன்றாகவே ஆடுவார். புதன்கிழமை இன்னொரு ஆட்டம் என்றால்தான் சிக்கல். 2018 உலகக் கோப்பையில் மோட்ரிச் ஜூலை 1, 7, 11 தேதிகளில் மூன்று ஆட்டங்களிலும் கூடுதல் நேரம்வரை ஆடிவிட்டு, 15ஆம் தேதி இறுதிப் போட்டியிலும் இறங்கினார். அப்போது வயது 32. முப்பத்தெட்டில் ரியல் மாட்ரிட் அவரைப் பல ஆட்டங்களில் இரண்டாம் பாதியில்தான் இறக்கியது. அரை மணி நேரம் மட்டும் தேவைப்பட்டால் கால்கள் இன்னும் கேட்கும். 2020இல் மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தானது இவர் போன்றவர்களுக்குச் சத்தமில்லாமல் சில ஆண்டுகளைக் கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். 2025இல், நாற்பதை நெருங்கும்போது, ஏசி மிலானுக்குப் போனார்.

மான்செஸ்டர் யுனைட்டெடின் மிட்ஃபீல்டர் பால் ஸ்கோல்ஸ் 2011இல் ஓய்வு அறிவித்துவிட்டு அதே கிளப்பின் இளையோருக்குப் பயிற்சி தரப் போனார். 2012 ஜனவரி 8 அன்று, மான்செஸ்டர் சிட்டியுடனான எஃப்ஏ கோப்பை ஆட்டத்தில், 37 வயதில் திடீரென்று மாற்று ஆட்டக்காரராகக் களமிறங்கினார். யுனைட்டெட் அப்போது 3-1 என்று முன்னிலையில் ஓய்வாக இருந்தது. எதிரணியில் பத்துப் பேர்தான். இறங்கிய சில நிமிடங்களில் அவர் பாஸ் ஒன்று தவறிப் போனது. ஜேம்ஸ் மில்னர் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே தரும் பந்து) அனுப்ப, செர்ஹியோ அகுவேரோ கோல் அடித்தார். ஆட்டம் 3-2 என்று முடிந்தது. ஆறு நாள் கழித்து போல்ட்டனுக்கு எதிராக ஸ்கோல்ஸ் கோல் போட்டார், 2013வரை ஆடினார். அந்த கிராஸை அனுப்பிய மில்னர் அப்போதுதான் 26ஐத் தொட்டிருந்தார். 16 வயதில் சிறகில் தொடங்கி, நடுக்களம், பின்களம் என்று சொன்ன இடத்திலெல்லாம் நின்றவர். 2025இல், 39 வயதில், பிரைட்டனுக்காக அவர் ஒரு கோல் அடித்தார். எதிரே இருந்த அணி மான்செஸ்டர் சிட்டி.