நாய்க்கடிக்கு ஊசி போட்டாச்சு, அவ்வளவுதானா?

நாய் கடித்து வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வெறிநாயா இருக்குமோ?" கேட்க வேண்டியதுதான். அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் 0, 3, 7, 28 நாள் ஊசிகளில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. ஆனால் அது ரேபிஸ் வைரஸுக்கான ஊசி. வாயில் இருக்கும் பாக்டீரியாவை அது தொடாது. தடுப்பூசி போட்ட வீட்டு நாயின் வாயிலும் அவை உண்டு.

அதில் ஒன்று கேப்னோசைட்டோஃபேகா கேனிமோர்சஸ். பின்பாதிக்கு லத்தீனில் 'நாய்க்கடி' என்றே பொருள். 1976ல் முதலில் பதிவாகி, 1989ல் பெயர் பெற்றது. நாயின் ஈறில் சத்தமில்லாமல் வாழும். நாய்க்கும் நோய் தராது, திடமான ஆளுக்கும் பெரும்பாலும் தராது. விபத்திலோ தாலசீமியாவுக்காகவோ மண்ணீரல் எடுத்தவர்களுக்கும், குடியால் கல்லீரல் சுருங்கியவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். ரத்தத்தில் நுழையும் கிருமியை வடிகட்டும் உறுப்பு மண்ணீரல். அது இல்லையென்றால் கிருமி தடையின்றிப் பெருகும். கடித்த சில நாளில் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு; பிறகு தோலில் ஊதாத் திட்டுகள், விரல் நுனி கறுப்பது. கடிவாயோ ஆறிப்போனதுபோல இருக்கும், அதுதான் ஏமாற்று. கடிக்கவே வேண்டாம், காலில் உள்ள புண்ணை நாய் நக்கினாலும் போதும்.

பூனைக்கடி வேறு ரகம். பல் ஊசிபோல மெல்லியது, விரல் மூட்டுவரை இறங்கும். மேலே ஒரு புள்ளி மட்டும் தெரியும். ரத்தமும் அதிகம் வராததால் உள்ளே போன பாஸ்ச்சுரெல்லா என்ற பாக்டீரியா வெளியே கழுவப்படுவதில்லை. பன்னிரண்டு மணி நேரத்திலேயே கை சிவந்து வீங்கினால் அதைத்தான் முதலில் சந்தேகிப்போம். மூட்டை மடக்க முடியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடிபட்டதும் குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துத்தான், இரண்டு நிமிடத்தையே பத்து நிமிடம் என்று நினைத்துவிடுவோம். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம்; புண்ணைப் பார்க்க முடியாமல் போகும், அழுக்கும் உள்ளே தங்கும். கையில் சிறு துளை என்றால் பொதுவாகத் தையல் போட மாட்டோம். மேலே மூடினால் உள்ளே சீழ் கட்டும்.

மருந்துக்கடையில் கேட்டு செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வது பெரிய தவறு. பாஸ்ச்சுரெல்லாவிடம் அது சரியாக எடுபடாது, எரித்ரோமைசினும் அப்படித்தான். வழக்கமாக எழுதுவது அமாக்சிசிலின்–கிளாவுலனேட். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

காய்ச்சலோடு போனால், "நாலு நாள் முன்னாடி நாய் கடிச்சது, மண்ணீரல் எடுத்தாச்சு" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சீட்டிலும் அதை எழுதச் சொல்லுங்கள். இந்தக் கிருமி மெதுவாகத்தான் வளரும், கரியமில வாயுவும் வேண்டும். விவரம் தெரியாத ஆய்வகம் இரண்டே நாளில் 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடலாம்.